வாங்குறவன் சொல்ற விலை

ஜன்னலை மூடாதீங்க சார், காத்து வரட்டும். நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கலை, பக்கத்து சீட்டுல உக்காந்தா விழத்தானே செய்யும். கரண்ட் பில்லு ஆறாயிரம் வந்துடுச்சுன்னு வீட்டுக்காரம்மாகிட்ட சத்தம் போட்டீங்களே, அந்த ஆறாயிரத்துல எரிஞ்ச கரண்ட்டுல கொஞ்சம் என்னோடது சார். சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். உங்ககிட்ட யூனிட்டுக்கு எட்டு ரூவா வாங்கியிருப்பாங்களா? என்கிட்ட எவ்வளவுக்கு வாங்கினாங்க தெரியுமா? ரெண்டு ரூவா தொண்ணூறு பைசா. நான் பேரம் பேசினதில்லை, ஏலம் விட்டதில்லை. அவங்களே சொன்னாங்க, அவங்களே எழுதினாங்க, அவங்களே கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்பிட்டாங்க.

சேலம் வரைக்குந்தானே? நானும் சேலந்தான். ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு, சொல்றேன் கேளுங்க.

என் பேரு குழந்தைவேலு. ஆத்தூர்ப் பக்கத்துல சேகோ மில்லு. எங்கப்பா ஆரம்பிச்சது. நீங்க பாயாசத்துல போடுற ஜவ்வரிசி இருக்குல்ல, அது மரத்துல காய்க்கிறதுன்னு பட்டணத்துல பாதிப் பேரு நினைச்சுக்கிட்டு இருக்கான். குச்சிக்கெழங்கு, அதான் மரவள்ளிக்கெழங்கைக் கழுவி, தோலு உரிச்சு, அரைச்சு, மாவு எடுத்து, உருட்டி, வறுத்துக் காய வெச்சா ஜவ்வரிசி. அரைக்கும்போது தண்ணி போகும் பாருங்க, டன்னு டன்னா. அந்தத் தண்ணி தேங்குச்சுன்னா நாத்தம்னா நாத்தம், அப்படி ஒரு நாத்தம். ரோட்டுல பஸ்ஸு போனா மூக்கைப் பொத்துவாங்க. எங்க ஊருக்குப் பொண்ணு பார்க்க வந்தவங்க காபி குடிக்காம எந்திரிச்சுப் போன கதையெல்லாம் உண்டு.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அதுக்கு ஒரு வழி பண்ணினேன். பெரிய குழி வெட்டி, அந்தத் தண்ணியை விட்டு, மேல கறுப்பு ரப்பர் ஷீட்டைப் போட்டு மூடியாச்சு. உள்ள கேஸு ஊறும். ஷீட்டு பூரி மாதிரி உப்பி நிக்கும். அந்தக் கேஸை இன்ஜினுக்கு விட்டா கரண்ட்டு. மில்லு ஓட்டினது போக மீதி கம்பியில ஏறி ஊருக்குப் போகுது. நாத்தம் போச்சு, கரண்ட்டு வந்துச்சு. எத்தனை பேருக்கு இந்தப் புத்தி வரும் சொல்லுங்க? வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வெச்சுப் பண்ணினேன் சார். என் சம்சாரம் சரோஜா மூணு நாள் என்கூடப் பேசலை.

அதுக்குத்தான் ரெண்டு தொண்ணூறு.

ஐப்பசியில இந்த வருச விலைன்னு வந்த லெட்டரைத் தூக்கிக்கிட்டு மின்சார ஆபீசுக்கு ஓடினேன். அங்க ஹேமலதான்னு ஒரு இன்ஜினியர் மேடம். நல்ல மாதிரி. உக்காருங்கன்னு சொல்லி டீ வரவெச்சாங்க. நல்ல மாதிரியா இருக்கிறவங்ககிட்ட சண்டை போடுறதுதான் சார் கஷ்டம்.

"மேடம், இந்த ரெண்டு தொண்ணூறு எப்படி வந்துச்சு?"ன்னேன்.

"ரொம்ப சிம்பிள் சார். நீங்க குடுக்கலேன்னா அந்த யூனிட்டை நாங்க வேற எங்கயாவது வாங்கணும் இல்லையா? அதுக்கு எங்களுக்கு என்ன செலவாகுமோ, அதுதான் உங்க கரண்ட்டுக்கு விலை."

"எனக்கு ஆகுற செலவு? யூனிட்டுக்கு நாலு ரூவா பத்து பைசா அடக்கம் ஆகுதுங்க மேடம்."

"இருக்கலாம் சார். அது உங்க கணக்கு. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எனக்கு சோலார் கரண்ட்டு ரெண்டே முக்காலுக்குக் கெடைக்குது. உங்களுக்கு மட்டும் அஞ்சு ரூவா குடுத்தா, அந்தக் காசை நான் யார்கிட்ட வாங்குறது? வீட்டுல ஃபேன் போடுறவங்ககிட்டத்தானே?"

நல்லா கேட்டுக்கோங்க சார். நான் பாடுபட்டு உண்டாக்குற பொருளுக்கு, வேற எவனோ எங்கயோ விக்கிற விலையை வெச்சு எனக்கு விலை! என் பொருளுக்குன்னு ஒரு மதிப்பு இல்லையா?

அதோட விடலை. நூத்துக்கு நாலு கழிப்பாங்களாம். கம்பியில போற வழியில சேதாரமாம். அந்தச் சேதாரத்தை நான் கண்ணால பார்த்ததில்லை. மீட்டர் எங்க இருக்குன்னு கேட்டேன். சப்ஸ்டேசன்ல ஒரு ரூமுக்குள்ள இருக்கு, பூட்டியிருக்கும். மாசம் ஒரு நாள் அவங்க ஆளு போயி எழுதிட்டு வருவாரு. நான் போகக் கூடாதான்னேன். "அப்படி ஒரு வழக்கம் இல்லீங்களே சார்"ன்னாங்க.

கெளம்பும்போது அந்த மேடம் ஒண்ணு சொன்னாங்க. "சார், சாயங்காலம் ஆறு மணியிலருந்து பத்து மணி வரைக்கும்தான் எனக்குப் பற்றாக்குறை. அப்ப யூனிட்டு ஒம்போது ரூவா குடுத்துக்கூட வாங்கியிருக்கேன். தினமும் அந்த நேரத்துக்கு, இத்தனை யூனிட்டுன்னு உறுதியா குடுக்கிறதா எழுதிக் குடுங்க, விலையைப் பத்திப் பேசலாம். எப்ப வரும், எப்ப நிக்கும்னே தெரியாத கரண்ட்டுக்கு நான் எப்படி சார் நல்ல விலை குடுக்க முடியும்?"

எழுதிக் குடுக்கணுமாம்! கெழங்கு வரத்து எப்படியோ அப்படித்தானே கேஸு?

வயித்தெரிச்சலோட மில்லுக்கு வந்து எறங்குறேன், எடைமேடைப் பக்கத்துல வேப்பமரத்தடியில பாவாயி நிக்கிது. மூணு ஏக்கரா குச்சிக்கெழங்குக்காரி. புருசனுக்கு முதுகு போயி ரெண்டு வருசமா கட்டில்தான், எல்லாம் அந்தம்மாவே பார்க்குது. இருபது வருசமா நமக்குத்தான் கெழங்கு போடுது.

"மொதலாளி, இருபத்தாறு பாயிண்ட்டுன்னு போட்டிருக்காங்க"ன்னுச்சு.

உங்களுக்குப் பாயிண்ட்டுன்னா தெரியாதில்ல? அஞ்சு கிலோ கெழங்கை ஒரு கூடையில போட்டுத் தண்ணிக்குள்ள முக்கி எடை பார்ப்போம். தண்ணிக்குள்ள எவ்வளவு எடை நிக்குதோ, அதை வெச்சு மாவு எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். அந்தக் கணக்குக்குப் பேருதான் பாயிண்ட்டு. பாயிண்ட்டு ஏற ஏற விலை ஏறும். அந்தத் தராசு எங்கப்பா காலத்துலருந்து உள் ரூம்லதான் இருக்கு. மேனேஜர் அர்த்தநாரி பார்த்து எழுதுவான். கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.

"எழுதினா எழுதினதுதான் பாவாயி"ன்னேன்.

"போன வருசமும் இருபத்தாறு, அதுக்கு முந்தின வருசமும் இருபத்தாறுங்க. இந்த வாட்டி வெட்டிப் பார்த்தா கத்தியிலயே மாவு ஒட்டுதுங்க. மண்ணுக்குன்னு நூத்துக்கு ஆறு கிலோ வேற கழிச்சிருக்காங்க. நான் துடைச்சுத்தானுங்க கொண்டாந்தேன்."

நான் இருந்த இருப்புல இந்தம்மா வேற. "இங்க பாரு, நீ போடலேன்னா கேரளாவுலருந்து லாரி லாரியா வந்து எறங்கும். அது என்ன விலையோ அதைப் பார்த்துத்தானே நான் உனக்கு விலை சொல்ல முடியும்?"ன்னேன்.

"உழவு, குச்சி நட்ட கூலி, களை வெட்டு..."

"உன் செலவுக்கு நான் என்னம்மா பண்றது?"

சீட்டை மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டுப் போயிடுச்சு. எதுக்குச் சொல்றேன்னா, ஒரு மனுசனுக்கு ஒரே நாள்ல எத்தனை பக்கம் இடி பாருங்க. அங்க ஆபீசுல அந்த அநியாயம், இங்க வந்தா இந்தப் பஞ்சாயத்து.

அப்பதான் பேப்பர்ல போட்டிருந்தான். என்னை மாதிரி சின்ன உற்பத்தியாளருங்ககிட்ட வாங்குற கரண்ட்டுக்கு என்ன விலை வெக்கலாம்னு கரண்ட்டு விலையை முடிவு பண்ற ஆணையத்துல ஜனங்ககிட்ட கருத்துக் கேக்குறாங்களாம். திருச்சியில கூட்டம், யார் வேணா வந்து பேசலாம். விடுவேனா? ராவும் பகலுமா உக்காந்து எழுதினேன். அர்த்தநாரிதான் சொன்னான், "தனியாப் போனா மதிக்க மாட்டாங்க மொதலாளி. நம்ம விவசாயிங்க பத்துப் பதினஞ்சு பேரைக் கூட்டிட்டுப் போவோம். மில்லு நல்லா இருந்தாத்தான் அவங்க நல்லா இருக்க முடியும்னு தெரியணும்"னு. நல்ல யோசனைதானே? வேன் பேசினேன். பதினாலு பேரு. காலையில இட்லி, மத்தியானம் திருச்சியில இலை போட்டு சாப்பாடு. அந்தப் பாவாயியையும் வரச் சொன்னேன். மனசுல எதையும் வெச்சுக்கிறவன் இல்ல சார் நானு.

கல்யாண மண்டபத்துல கூட்டம். மேடையில ஆணையத்துக்காரங்க மூணு பேரு. கீழ ஒரு பக்கம் மின்சார ஆபீசுக்காரங்க, ஹேமலதா மேடமும் இருந்தாங்க. எனக்கு முன்னாடி பேசினவன்லாம் பக்கம் பக்கமா இங்கிலீசுல படிச்சான். தலைவர் கொட்டாவி விடுறாரு. என் பேரைக் கூப்பிட்டாங்க. நான் எழுதிக்கிட்டுப் போன பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். வாயில வந்ததைப் பேசினேன்.

"ஐயா, பொருளு என்னோடது, பாடு என்னோடது. விலையை மட்டும் வாங்குறவரு வெக்கிறாரு. அளக்குற கருவி அவரு ரூமுக்குள்ள இருக்கு. பூட்டு அவரோடது, சாவி அவரோடது. அவரு எழுதுறதுதான் அளவு. வழியில சேதாரம்னு கழிக்கிறாரு, அந்தச் சேதாரத்தை எனக்குக் காட்ட மாட்டாரு. பிடிக்கலேன்னா விக்காதேங்கிறாரு. நான் எங்கய்யா போவேன்? உண்டாக்கின கரண்ட்டை மூட்டை கட்டி வெக்க முடியுமா? விக்கிறவனை நிக்க வெச்சு, அவன் கண்ணு முன்னாடி அளந்து, இன்ன விலைன்னு முன்னாடியே சொல்லி வாங்குறதுதான் யாவாரம். மத்ததெல்லாம் பறிக்கிறது"ன்னேன்.

சார், நீங்க அங்க இருந்திருக்கணும். முதல்ல ஒரு கை தட்டுற சத்தம். திரும்பிப் பார்த்தா பாவாயி. எந்திரிச்சு நின்னு தட்டுது. அப்புறம் பதினாலு பேரும். வேட்டி விலகுறது தெரியாம தட்டுறாங்க. மண்டபமே கலகலத்துப் போச்சு. தலைவர் "அமைதி, அமைதி"ங்கிறாரு, யாரு கேக்குறா? எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எங்கப்பாவுக்குக்கூட இப்படி ஒரு மரியாதை கெடைச்சதில்லைன்னு நினைச்சுக்கிட்டேன். திரும்பி வரும்போது வேன்ல யாருமே தூங்கலை. பின் சீட்டுல என்னமோ குசுகுசுன்னு பேசிக்கிட்டே வந்தாங்க. என் பேச்சைப் பத்தித்தான்னு எனக்குத் தெரியும்.

ரெண்டு மாசம் கழிச்சு தை மாசத்துல உத்தரவு வந்துச்சு. ஜெயிச்சோம் சார்! பகல் நேரத்துக்கு அதே ரெண்டு தொண்ணூறுதான், அதுல மாத்தமில்லை. ஆனா சாயங்காலம் ஆறு டு பத்து, உறுதியா குடுக்கிறதா எழுதிக் குடுத்தா யூனிட்டுக்கு அஞ்சு ரூவா இருபது பைசா. சேதாரத்தைக் குத்துமதிப்பா கழிக்கக் கூடாது, அளந்துதான் கழிக்கணும். மீட்டரை ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு பார்க்கணும், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நான் பேசினது அப்படியே உத்தரவுல இருந்துச்சு. அர்த்தநாரிகிட்ட சொல்லி மில்லுல எல்லாருக்கும் லட்டு குடுத்தேன். கேஸை பகல்ல சேர்த்து வெச்சு சாயங்காலம் இன்ஜினை ஓட்டினா கணக்கு சரியா வரும். மாசி ஒண்ணாந் தேதியிலருந்து குடுக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்.

அதுக்கு அடுத்த திங்கக்கெழமை. மில்லு கேட்டுல பதினோரு டிராக்டரு நிக்குது, கெழங்கோட. உள்ள வரலை. எறங்கிப் போனேன். முன்னாடி பாவாயி. பின்னாடி பூராவும் நான் வேன்ல கூட்டிட்டுப் போன ஆளுங்க.

"என்ன பாவாயி, ஏன் உள்ள வரலை?"

"ஒரு பேச்சு பேசிட்டு வரலாம்னுங்க. பாயிண்ட்டுப் பார்க்கிற தராசை உள் ரூம்லருந்து களத்துக்குக் கொண்டாந்துடுங்க மொதலாளி. நாங்களும் பார்க்கிறோம், அர்த்தநாரியும் பார்க்கட்டும், ரெண்டு பேரும் சீட்டுல கையெழுத்துப் போடுவோம். மண்ணைக் குத்துமதிப்பா கழிக்காதீங்க, உதறி எடை போட்டுக் கழிங்க. அப்புறம், புடுங்குறதுக்கு முன்னாடியே விலையைச் சொல்லிடுங்க. புடுங்கின கெழங்கு ரெண்டு நாளைக்கு மேல தாங்காதுங்க. கொண்டாந்து கேட்டுல நின்னதுக்கப்புறம் விலை சொன்னா நாங்க எங்க போவோம்?"

எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். "யாரு இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?"ன்னேன்.

"நீங்கதானுங்க"ன்னுச்சு.

பின்னாடி ரெண்டு மூணு பேரு சிரிச்சானுங்க. நான் சொன்னேன், "இருபது வருசப் பழக்கம். வேன் வெச்சுக் கூட்டிட்டுப் போயி இலை போட்டு சாப்பாடு வாங்கிக் குடுத்தேன். அன்னைக்கு அப்படிக் கை தட்டிட்டு, இன்னைக்கு என் கேட்டுலயே வந்து நிக்கிறீங்களே, இதுதான் எனக்குப் பண்ற மரியாதையா?"

பாவாயி என் மூஞ்சியையே பார்த்துச்சு. "கை வலிக்கத் தட்டினோமுங்க மொதலாளி. உங்களுக்காகவா தட்டினோம்?"

அப்படின்னா என்ன சார் அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. பேசினது நானு. வேற யாருக்குத் தட்டுவாங்க?

முடியாதுன்னுட்டேன். தராசு எங்கப்பா வெச்ச இடம், அங்கதான் இருக்கும்னுட்டேன். பதினோரு டிராக்டரும் திரும்பிடுச்சு. இருபத்திரண்டு கிலோ மீட்டர் தள்ளி ஒரு மில்லு இருக்கு, டீசல் போட்டுக்கிட்டு அங்க போனாங்க. போகட்டும்னு விட்டேன். நாலு நாள்ல வந்துடுவாங்கன்னு அர்த்தநாரி சொன்னான்.

வரலை. ஒரு வாரம் ஆச்சு, பத்து நாள் ஆச்சு, கண்டவங்க யாரும் நின்னு பேசுறதுகூட இல்லை. டீக்கடையில நான் போயி உக்காந்தா பேச்சு நின்னு போகும். மாசி பொறந்துடுச்சு, சாயங்காலம் கரண்ட்டு குடுத்தாகணும். புரோக்கருக்குப் போன் பண்ணி கேரளாவுலருந்து ரெண்டு லாரி எறக்கினேன். லாரி வாடகையோட சேர்த்துப் பார்த்தா பாவாயி கேட்டதையெல்லாம் குடுத்திருந்தாக்கூட அவ்வளவு ஆகியிருக்காது. ஆனா மானம்னு ஒண்ணு இருக்கில்ல? அந்தக் கெழங்கும் வழியிலயே நாலு நாள் கெடந்தது. வெட்டினா உள்ள நீலம் நீலமா கோடு. மாவும் இல்லை, ஒண்ணும் இல்லை. அப்புறம் அதுவும் வரத்து நின்னுச்சு. மில்லு ரெண்டு நாளைக்கு ஒரு தரம் ஓடுச்சு. தண்ணி இல்லேன்னா கேஸு ஏது? பூரி மாதிரி நின்ன ஷீட்டு அப்பளம் நமுத்த மாதிரி படுத்துக்கிச்சு. ஏழே முக்காலுக்கு இன்ஜினு இருமும். எட்டு மணிக்கு நின்னுடும்.

மூணு நாள் அப்படி நின்னதும் ஹேமலதா மேடம் போன் பண்ணினாங்க. "சார், நீங்க எழுதிக் குடுத்ததை நம்பி நான் வேற எங்கயும் சொல்லி வெக்கலை. நேத்து எட்டு மணிக்கு ஒம்போதரை ரூவாய்க்கு அவசரத்துல வாங்கினேன். இன்னும் ரெண்டு தடவை இப்படி ஆச்சுன்னா ஒப்பந்தம் ரத்தாகி, பழையபடி ரெண்டு தொண்ணூறுக்குப் போயிடும். எனக்கு வேற வழியில்லை சார்."

"கெழங்கு வரலைங்க மேடம்"ன்னேன்.

"ஏன் சார் வரலை?"

"விவசாயிங்க சொன்னாப் புரிஞ்சுக்க மாட்டேங்கிறாங்க."

"என்ன கேக்குறாங்க?"

நானும் ஒளிவு மறைவு இல்லாம எல்லாத்தையும் சொன்னேன். தராசை வெளிய வெக்கணுமாம், ரெண்டு பேரும் கையெழுத்தாம், மண்ணை அளந்து கழிக்கணுமாம், முன்னாடியே விலையாம். லைன் கட்டாயிடுச்சோன்னு ரெண்டு தடவை ஹலோ, ஹலோன்னேன். அப்புறம் அந்த மேடம், "சார், அதைக் குடுத்துடுங்க சார்"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. போனை வெச்சுட்டாங்க. கெழங்கைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும் சொல்லுங்க? பொறந்தது வளர்ந்தது எல்லாம் டவுனு.

வீட்டுல சரோஜா அதுக்கு மேல. நான் சாப்பிட உக்காந்து, பாவாயி அப்படிப் பேசிட்டாளே, இப்படிப் பேசிட்டாளேன்னு புலம்பிக்கிட்டு இருக்கேன். சோத்தைப் போட்டுக்கிட்டே கேக்குறா, "கெழங்கு இல்லாம வெறுங் கோவத்தை அரைச்சா ஜவ்வரிசி வருமா?" வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்குன்னு அவ வாயால சொல்லலை. நிலைக்கதவைப் பார்த்தா, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில நானே நின்னு தராசைக் களத்துக்குக் கொண்டாந்து வெக்கச் சொன்னேன். அவங்க கேட்டாங்கன்னு இல்ல சார். உள் ரூம்ல வெளிச்சம் பத்தலை. எனக்கே ரொம்ப நாளா அது ஒரு குறை. களத்துல வெச்சா முள்ளு எங்க நிக்குதுன்னு பளிச்சுன்னு தெரியும். வாட்ச்மேனை விட்டு, இன்ன விலைன்னு பலகையில சுண்ணாம்புல எழுதி ரோட்டைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். ஊருக்குள்ள யாருக்கும் சொல்லி அனுப்பலை. ஆனா மத்தியானத்துக்குள்ள எப்படியோ தெரிஞ்சு போச்சு.

முதல் டிராக்டரு பாவாயியோடது. அர்த்தநாரிக்கு என்னமோ காய்ச்சல்னு அன்னைக்கு வீட்டுக்குப் போயிட்டான். அதனால நானே நின்னேன். அந்தம்மா கையாலயே அஞ்சு கிலோவைப் பொறுக்கிக் கூடையில போட்டுத் தண்ணிக்குள்ள எறக்கினோம். சுத்தி இருபது பேரு நிக்கிறாங்க. முள்ளு ஆடி ஆடி நின்னுச்சு. இருபத்தொம்போது.

இன்னொரு தரம் போடலாம்னேன். போட்டோம். இருபத்தொம்போது. அடுத்த டிராக்டரு இருபத்தெட்டரை. அதுக்கடுத்தது முப்பது சார், முப்பது! என் மில்லுல நான் முப்பது பார்த்ததே இல்லை.

"இந்த வருசம் மழை நல்ல மழை பாவாயி. அதான் கெழங்கு இப்படி மாவு கட்டியிருக்கு"ன்னேன். சந்தோசமாத்தான் சொன்னேன்.

"நாலு மாசத்துக்கு முன்னாடி இருபத்தாறு போட்டீங்களே, அது இதே காடுங்க. அதுவும் இதே வருசத்து மழையில வெளைஞ்சதுதானுங்க"ன்னுச்சு. சீட்டுல கையெழுத்துப் போட்டுச்சு. எழுத்துக் கூட்டி மெதுவா, பா, வா, யின்னு. போட்டுட்டு சீட்டை மடிச்சுக்கிட்டுக் கெளம்பிடுச்சு. சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். எங்க போட்டுச்சு?

எப்படியோ கெழங்கு வருது. ஷீட்டு மறுபடியும் உப்பிடுச்சு. பன்னெண்டு நாளா சாயங்காலம் ஆறு டு பத்து, ஒரு நிமிசம் நிக்காம குடுக்கிறேன். ஹேமலதா மேடமே போன் பண்ணி நல்லா இருக்கு சார்ன்னாங்க.

இப்ப எதுக்கு சேலம் போறேன்னு கேளுங்க. போன வாரம் மீட்டரை முதல் தடவையா ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு பார்த்தோம். பூட்டைத் தொறந்து, அவங்க ஆளும் நானும் படிச்சு, கையெழுத்துப் போட்டோம். இன்ஜினு ஓடின மணி நேரத்தை வெச்சுக் கணக்குப் பார்த்தா, முன்னாடி அவங்க மட்டும் எழுதின மாசத்துக்கும் இதுக்கும் நூத்துக்கு மூணு வித்தியாசம் வருது சார். மூணு! என் கண்ணு முன்னாடி அளந்தா ஒரு அளவு, நான் இல்லாதப்ப ஒரு அளவு. அப்ப ரெண்டு வருசமா அந்த ரூமுக்குள்ள என்ன எழுதினாங்களோ, யாரு கண்டா? விடப் போறதில்லை. இந்தா, மனுவே எழுதிட்டேன் பாருங்க. ரெண்டு வருசத்துக்கும் சேர்த்து அந்த வித்தியாசத்தைத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கப் போறேன். இனிமே சரியா அளக்குறோம்னு சொல்லிட்டாப் போதுமா? அன்னைக்கு எடுத்தது எடுத்ததுதானே? நியாயம்னா நியாயம்தானே சார்?

என்ன? சத்தத்துல கேக்கலை, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க.

பாவாயிக்குத் திருப்பிக் குடுக்கிறதா?

என்ன சார் நீங்க, இவ்வளவு நேரம் கேட்டுட்டு இப்படிக் கேக்குறீங்க. அது கெழங்கு சார். இது கரண்ட்டு.